அச்சேறிய என் வாய்ச்சொல்

சிவமயம்

பதுளை,
பிரமாதீச வருடம் ஆவணி மாதம்.

சௌபாக்கியவதி மகள் கனகத்துக்கு உன் தாய் வடிவம்மாள் மனமார வாழ்த்தி எழுதிக்கொண்டது. கதிர்வேலப் பெருமான் கிருபையினால் நானும் உன் தகப்பனாரும் தம்பி லிங்கமும் இங்கே குறைவின்றி இருக்கிறோம். சென்னப்பட்டணத்து வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் வாடாமல் இருக்கிறீர்கள் என்பதை உன் கையெழுத்திலேயே அறிய விரும்புகிறேன். ஆடி மாதம் முழுதும் கதிர்காமம் போகும் யாத்திரைக்காரர்கள் கூட்டங்கூட்டமாய்க் கடைக்கு வந்தபடியால், கற்பூரமும் விபூதியும் மடித்து மடித்து உன் தகப்பனாருக்கு விரல் நோவு. இருமல் முன்னைக்குத் தேவலை. கச்சான் காற்று ஓய்ந்தபாடில்லை, கூரைத் தகரம் ஓயாமல் பேசிக்கொண்டேயிருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு குனிந்து உட்கார்ந்து எழுதாதே, சுவரில் சாய்ந்துகொண்டு எழுது, அதிகம் எழுதாதே. இதை நான் பொறாமையினால் சொல்வதாக நீ நினைக்கக்கூடும். பாதி அப்படித்தான், மறுபாதி தாய் சொல்வது.

நீ அனுப்பிய இல்லறதீபிகைச் சஞ்சிகை ரயிலில் பண்டாரவளைக்கு வந்து அங்கிருந்து தபால் வண்டியில் நம் கடைக்குச் சேர்ந்தது. உறையை நான் பிரிப்பதற்குள் உன் தகப்பனார் பிரித்துவிட்டார். உன் பெயரை அச்சில் கண்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு, எம் மக எழுதுனது, எல்லாரும் செத்த நின்னு கேட்டுட்டுப் போங்க என்று சொல்லி, பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த தராசை அப்படியே விட்டுவிட்டு, "குடத்துக்குத் தைத்த ரவிக்கை" என்னும் உன் கதையை முதலிலிருந்து முடிவு வரை உரக்க வாசித்தார். பருப்புக்கு நின்றவள் பருப்பை மறந்தாள். கதையில் வரும் கடைக்காரர் மனைவி பாக்கியலெட்சுமி தையற்காரரிடம் சண்டைக்குப் போய், இது எனக்குத் தச்சதா தண்ணிக் கொடத்துக்குத் தச்சதா, கொடத்துக்குத்தானே, நானா, கை கெடையாது என்று அவள் கேட்கும் இடத்தில் எல்லாரும் சிரித்த சிரிப்பில் எடைக்கல் உருண்டு கீழே விழுந்தது. உள்ளறையில் நின்ற நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடிந்த பிறகுதான் அது என் வாக்கியம் என்பது நினைவுக்கு வந்தது. நீ எட்டு வயதுப் பிள்ளையாய் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கை நுழையாத ரவிக்கையோடு வந்து நின்ற தையற்கார இத்ரூஸ் நானாவிடம் நான் கேட்ட கேள்வி அது. ஓர் எழுத்துக்கூட மாறாமல் அச்சேறியிருக்கிறது. அதன் கீழே ச. கனகம் என்று போட்டிருக்கிறது.

மறுநாள் காலையில் இத்ரூஸே வந்துவிட்டார். கோபிக்க வந்தவர் என்று எண்ணிப் பலகை போட்டு உட்காரச் சொன்னேன். அவரோ வாயெல்லாம் பல்லாய், அண்டைக்கு நான் அளவ சரியாத் தச்சிருந்தா என்ட பேரு பட்டணம் போயிருக்குமா தங்கச்சி, ஒங்கட மகள் நல்லா இருக்கோணும் என்று வாழ்த்திவிட்டு, அந்தத் தாளைக் கடன் வாங்கிக்கொண்டு போய்த் தம் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார். அளவு தப்பியவருக்குப் புகழ், கேட்டு நின்ற பிள்ளைக்குப் புகழ், வாசித்தவருக்குக்கூடக் கடைத்தெருவில் ஒரு மரியாதை. வாய் திறந்து பேசியவளுக்கு ஒன்றுமில்லை.

உன்னிடம் ஒளிக்க விரும்பவில்லை, எனக்கு உன்மேல் அழுக்காறு உண்டாயிற்று. பிள்ளை பால் குடித்தால் தாய் மகிழ்வாள், தன் இலையிலிருந்து எடுத்துத் தின்றாலும் மகிழ்வாள். தான் இன்னும் உட்காராத பந்தியில் பிள்ளை உண்டு முடித்துக் கையும் கழுவிவிட்டாள் என்றால் அவள் என்னதான் செய்வாள். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் அல்லேன். வெந்தயமும் பெருங்காயமும் சுற்றி வந்த தாள்களை நீவி வைத்து எழுத்துக் கூட்டிக் கற்றேன். இன்றைக்கும் நல்ல வசனத்தைப் படித்தால் எனக்குப் பெருங்காயம் மணக்கிறது. அந்தத் தாள்களில் வந்த கதைகளுக்கு முதலும் இராது, முடிவும் இராது. முடிவுகளை நானே கட்டிக்கொண்டேன், அப்படித்தான் எனக்குக் கதை கட்டும் பழக்கம் வந்தது. "சௌந்தரநாயகி அல்லது பொறுமையின் மாட்சி" என்னும் என் நாவலை நீ பாவாடை கட்டிய நாளில் தொடங்கி, நீ புடவை கட்டிய பிறகு முடித்தேன். அச்சுக்கூடத்தார் ஒருவர் முதலில் வித்துவான் ஒருவரிடம் சிறப்புப்பாயிரம் வாங்கி வரும்படி எழுதினார். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு வித்துவானுக்குக் கையெழுத்துப் பிரதியை அனுப்பி ஓராண்டு காத்திருந்தேன். வசனம் செவ்விதாயிருக்கிறது, இதை இயற்றிய ஆடவர் யாரென்று அறிவித்தால் பாயிரம் தரத் தடையில்லை என்று பதில் வந்தது. ஆடவர் இல்லை என்று எழுதினேன், பாயிரமும் இல்லை என்று ஆயிற்று. நீயோ திருவல்லிக்கேணிக் குழாயடியில் பத்திராதிபரின் மனைவிக்குக் குடம் தூக்கிவிட்டாய், பேச்சுக் கொடுத்தாய், கதை எழுதுவேன் என்றாய். என்னிடம் பாயிரம் கேட்டார்கள், உன்னிடம் விலாசம் மட்டும் கேட்டார்கள்.

இவ்வளவும் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். சஞ்சிகையோடு வந்த உன் கடிதத்தைத்தான் தாங்கமுடியவில்லை. பத்திராதிபர் என் நாவலை மாதந்தோறும் சிறிது சிறிதாக வெளியிட இசைகிறார் என்றும், ஆனால் அதிலுள்ளவர்கள் பேசுவது எவருக்கும் விளங்காது என்று அவர் அஞ்சுவதால், பேச்சுகளையெல்லாம் நீ ஜனங்கள் பேசுகிறபடி மாற்றி எழுதித் தர நான் அனுமதிக்கவேண்டும் என்றும், ஐப்பசிக்குள் பிரதி வந்து சேராவிட்டால் அவர் வேறு நாவலைத் தொடங்கிவிடுவார் என்றும் எழுதியிருந்தாய். அம்மா கோவிக்கக் கூடாது, கதை உங்களுடையது, வாய் மட்டும் என்னுடையது என்று வேறு எழுதியிருக்கிறாய். கனகம், அந்த வாய் யாருடையது என்பதை இத்ரூஸ் அறிவார்.

ஆயினும் உடனே மறுத்து எழுதவில்லை. இத்தனை ஆண்டு காத்திருந்தவளுக்கு அச்சு என்ற சொல்லே பசி எடுத்தவன் காதில் விழும் சாப்பாட்டு மணி. நீ சொல்வதில் நியாயம் உண்டா என்று சோதிக்க எண்ணி, நம் வீட்டில் மாவிடிக்க வரும் ராசம்மாவை உட்காரவைத்து ஏழாம் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள், கதை என்றால் உலக்கையைக் கீழே வைத்துவிடுவாள். சிற்றன்னை சௌந்தரநாயகியை நடுத்தெருவில் தள்ளுகிறாள். அம்மணீ, அடியேன் இழைத்த அபராதம் யாதென்று அருளிச்செய்வீராக என்று அவள் வினவுகிறாள். நான் ஏறிட்டுப் பார்த்தேன், ராசம்மா கைகூப்பிக்கொண்டிருந்தாள். ஏனென்று கேட்டதற்கு, கோயில்ல படிக்கிறாப்பல இருந்துச்சுங்கம்மா என்றாள். பிறகு, தெருவுல தள்ளிட்டாங்கன்னா அந்தப் பொண்ணு ஓன்னு அழுவாம ஏங்கம்மா இம்புட்டு நேரம் பேசிக்கிட்டு நிக்குது, அதுக்குப் பசிக்கலையா என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன், என்றாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றால் என் கையாலேயே மாற்றுவது என்று தீர்மானித்து உட்கார்ந்தேன். வாங்க என்று எழுத நினைத்தால் கை வாருங்கள் என்று எழுதுகிறது. போறேன் என்று எழுதிவிட்டு உடனே அடித்துப் போகின்றேன் என்று திருத்துகிறது. இதை நீ எள்ளி நகையாடக் கூடாது. வாருங்கள் என்னும் சொல்லை நீ பள்ளியில் இனாமாகப் பெற்றாய். நான் அடுப்புப் புகையில் கண் எரிய ஒவ்வோர் எழுத்தாய்த் தேடிச் சேர்த்தேன். தேடிச் சேர்த்த பட்டுப்புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டு, அன்றாடம் உடுத்தும் நூல் சேலையோடு சபைக்குப் போ என்றால் எவளுக்கும் கால் எழாது. சௌந்தரநாயகியும் அப்படியே. அவளை நான் அந்தப் பேச்சோடுதான் பெற்றேன். அவள் வாயில் வேறொருத்தியின் நாக்கை வைத்து அச்சில் ஏற்றுவதைவிட அவள் என் பெட்டியிலேயே இருப்பது மேல். ஆகையால் பிரதியை அனுப்பமாட்டேன். பத்திராதிபர் ஐப்பசியில் வேறு நாவலைத் தொடங்கட்டும். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று நீ நிம்மதியாய் இருக்கவேண்டாம். சிறுகதை ஒன்று தொடங்கியிருக்கிறேன். அதில் நான் சொல்லவேண்டியதை என் செந்தமிழிலேயே சொல்கிறேன், எவருக்காகவும் அதை இறக்கமாட்டேன். அதில் வரும் மனிதர்கள் வாய் திறக்கும்போது மட்டும் நான் ஒதுங்கி நின்று வழி விடுகிறேன். அடுப்படியில் உரக்கப் பேசிப் பார்த்து, பேசின சூட்டிலே எழுதினால் கை திருத்த நேரம் கிடைப்பதில்லை என்று கண்டுகொண்டேன். உள்ளே யாரோடு சண்டை என்று உன் தகப்பனார் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இந்த உபாயத்தை நானாகவே கண்டேன், உன் கதையைப் பார்த்து அல்ல. பார்த்துத்தான் என்று நீ வற்புறுத்தினால் கொடத்து ரவிக்கைக்கு அது சரிக்குச் சரி.

கதையின் பொருளையும் சொல்லிவிடுகிறேன், நீ அதைத் தொடாதிருப்பதற்காக. உன் கல்யாணம் முடிந்து இரு வீட்டாரும் கதிர்காமம் போய்த் திரும்பியபோது, பெரகலச் சந்தியில் ஏற்றத்தில் நம் வண்டி மாடு படுத்துக்கொண்டது. நீ மாப்பிள்ளையோடு முன்வண்டியில் போய்விட்டாய். பின்வண்டியில் நானும் உன் மாமியாரும். கீழே இறங்குவது யார் என்பதில் தொடங்கி, சந்திக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டு வெளியே வந்து நின்று கேட்கும் அளவுக்கு அது வளர்ந்தது. ஒங்க ஊரு மாடும் ஒங்களப் போலத்தான் சம்பந்தியம்மா, நெனச்ச எடத்துல உக்காந்துருது, கெஞ்சுனாத்தான் எந்திரிக்கும் போல என்று உன் மாமியார் சொன்னார். நல்ல வாக்கியம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். வண்டிக்காரர் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார், மாடு தானாக எழுந்தது, உன் மாமியார் அப்புத்தளை வரும் வரையில் வாய் திறக்கவில்லை. இவ்வளவுதான் உனக்குச் சொல்லலாம். அந்தப் பதிலை இங்கே எழுதமாட்டேன், எழுதினால் அடுத்த மாத இல்லறதீபிகையில் ச. கனகம் என்னும் பெயரில் அதை நான் வாசிக்க நேரும். உன் மாமியாரிடம் கேட்டு அறியலாம் என்று எண்ணாதே, அவர் சொல்லமாட்டார். நீயும் அவர் வீட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்கத் துணியமாட்டாய். இந்த ஒரு கதையை எழுத நம் குடும்பத்தில் என் ஒருத்தியால் மட்டுமே முடியும்.

லிங்கத்துக்குப் பார்த்த பண்டாரவளைப் பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை வந்து போனார்கள். பெண்ணின் தாயார் காப்பி குடித்துக்கொண்டே, கதையில வர்ற பாக்கியலெட்சுமி நீங்கதானாமே, எங்க பொண்ணும் லேசுப்பட்டவ இல்லீங்க, ரெண்டு பேருக்கும் பொழுது நல்லாப் போகும் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. தையில் முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள். தேயிலைத் தூளும் மிளகும் சிறு மூட்டையாய்க் கட்டி அனுப்பியிருக்கிறேன். மிளகை உன் மாமியாருக்குக் கொடு, நான் கொடுத்ததாகச் சொல். மாலையில் தலை நனைக்காதே, குடம் தூக்காதே, குழாயடியில் உனக்கு இனி வேலையும் இல்லை.

உனக்குச் சுகப்பிரசவம் ஆகவும், பிறக்கும் பிள்ளை தீர்க்காயுளோடு விளங்கவும், உன் எழுதுகோல் வறளாதிருக்கவும் முருகப்பெருமானை வேண்டி ஆசீர்வதிக்கிறேன். இவை யாவும் உண்மையான ஆசீர்வாதங்கள், மூன்றாவதும் அப்படியே. மறவாமல் செய்யவேண்டியது ஒன்று: பத்திராதிபரின் விலாசத்தைத் தெளிவாக எழுதி மறு தபாலில் அனுப்பிவை. கதையை நான் நேரே அவருக்கு அனுப்புகிறேன். உன் தாய் எழுதியது என்று அவரிடம் ஒருபோதும் சொல்லாதே, உனக்காக அவர் அதை ஏற்க வேண்டாம், உனக்காகத் தள்ளவும் வேண்டாம். மாட்டை எழுப்பிய பதில் என்னவென்று உனக்கு அறிய விருப்பமிருந்தால், சந்தா கட்டி, எல்லாரையும்போல அச்சில் படித்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற தாயும்
பெரகலச் சந்திக் கதையின் ஆசிரியையுமான
வடிவம்மாள்.