புரட்டக்கூடாத முட்டைகள்

அலெக்சாந்திரியா
மார்ச் 20

அபூ நிஸ்ரீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் நீங்கள் என்னைப் பேசவிடுவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் மைக்ரோபஸ் டிரைவர் ரம்ஸி கையில் இந்தக் கடிதம். பெரியம்மா வீட்டுத் துக்கத்துக்கு வந்தவள் ஏன் இன்னும் திரும்பவில்லை என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பல்லிகளுக்காக.

எதிர்வீட்டுக்காரர்கள் கனடாவுக்குக் குடிபோகும்போது மூன்று சிறுத்தைப் பல்லிகளை என்னிடம் விட்டுப் போனார்கள். ஓர் ஆண், இரண்டு பெண். மஞ்சள் உடம்பு, கரும்புள்ளி, கொழுத்த வால். சுவர் ஏறத் தெரியாது. நம்மைப் போலவே கண்ணை மூடித் திறக்கும். குஞ்சு பொரித்தால் செல்லப்பிராணிக் கடையில் வாங்கிக்கொள்கிறார்களாம். எனக்குப் பெரிய செலவும் இல்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் அவை இருக்கின்றன. மீன் சந்தையில் தூக்கியெறிந்த தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, பழைய மீன்தொட்டி ஹீட்டரைப் போட்டேன். அதுதான் என் பொரிப்பகம். தீனிக்கான புழுவை நானே தவிட்டில் வளர்க்கிறேன். நேற்று ஒருத்தி ஈர மண்ணைத் தோண்டி இரண்டு முட்டை இட்டாள்!

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
இன்திஸார்


தமன்ஹூர்
மார்ச் 24

இன்திஸாருக்கு, வ அலைக்கும் ஸலாம்.

பல்லியைக் கண்டால் நாங்கள் செருப்பைத் தேடுவோம். என் பெண்டாட்டி அதற்குத் தொட்டில் கட்டுகிறாள்! பள்ளிவாசலில் "உம்மு நிஸ்ரீன் எப்ப வர்றாங்க?" என்று நம் மகள் பேரைச் சொல்லி உன்னை விசாரிக்கிறவனுக்கு என்ன சொல்ல? பல்லிக்குப் பிரசவம் பார்க்கிறாள் என்றா?

தெளிவாகச் சொல்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் வீடு வந்து சேர். வரவில்லையென்றால் தலாக் எழுதிவிடுவேன். வெறும் மிரட்டல் என்று நினைக்காதே.

சூடு எவ்வளவு வைத்திருக்கிறாய்? ஈரம் போதுமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை புரட்டுகிறாய்? தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர்க் கோழிக்குஞ்சுகள் எங்கள் பொரிப்பகத்தில்தான் பொரிகின்றன. அதனால் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

ஷஹாத்தா


அலெக்சாந்திரியா
ஏப்ரல் 2

அபூ நிஸ்ரீன் அவர்களுக்கு,

புரட்டவே கூடாது! பல்லியின் கரு, முட்டையின் மேல்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். புரட்டினால் உள்ளேயே மூழ்கிச் செத்துவிடும். அதனால்தான் இரண்டு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், சிவப்பாக நரம்பு ஓடுகிறது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

இன்னொன்று கேளுங்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே சூடுதான் தீர்மானிக்கிறதாம். இருபத்தேழு டிகிரி வைத்தால் பெரும்பாலும் பெண். முப்பத்திரண்டு வைத்தால் பெரும்பாலும் ஆண்.

தலாக் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் பயந்துதான் போனேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கல்யாணமான நாள் முதல் எனக்கென்று, முழுக்க என் கையில் இருக்கிற காரியம் இது ஒன்றுதான். நம் வீட்டில் நான் வைத்த உப்பு டப்பாவைக்கூட நீங்கள் இடம் மாற்றி வைப்பீர்கள். இந்த முட்டைகள் பொரிவதைப் பார்க்காமல் நான் வரமாட்டேன்.

இன்திஸார்


தமன்ஹூர்
ஏப்ரல் 6

இன்திஸாருக்கு,

சூட்டிலா? யார் விட்ட கதை இது? முட்டையிடாத சேவல்குஞ்சை விற்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்த் திரும்புகிறது. அப்பா காலத்திலிருந்து தலையில் அடித்துக்கொள்கிறோம். பல்லிக்கு மட்டும் அல்லாஹ் இப்படி ஒரு வசதியைக் கொடுத்திருக்கிறானா? கேட்டதிலிருந்து வேறு எதிலும் மனசு ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறேன். உன்னை அழைத்துப்போக வரவில்லை. பார்க்கத்தான்.

ஷஹாத்தா


அலெக்சாந்திரியா
ஏப்ரல் 27

ஷஹாத்தா அவர்களுக்கு,

வந்தீர்கள். பெட்டி முன்னால் சின்னப் பையன் போல உட்கார்ந்துகொண்டு, "ஏய், இது என்னைப் பாத்துக் கண்ணடிக்குதுடி!" என்று சிரித்தீர்கள். எத்தனை வருஷமாயிற்று உங்களை அப்படிப் பார்த்து! அந்தச் சந்தோஷத்தில் சூடாகத் தாமிய்யா வடை வாங்கக் கீழே போனேன்.

மறுநாள் பார்க்கிறேன், இரண்டு முட்டையிலும் புள்ளியைக் காணோம். அடிப்பக்கம் கிடந்தது. பதறிப்போய்த் திருப்பி வைத்தேன். துஆ செய்துகொண்டே இருந்தேன். நேற்று இரண்டும் குழிந்து பூஞ்சை பிடித்துவிட்டன. பிரித்துப் பார்த்தேன். கண் வந்திருந்தது. குட்டி வால் சுருண்டிருந்தது. உட்கார்ந்து அழுதேன்.

கூடாது என்று எழுதினேன். படித்தீர்கள். பிறகும் செய்தீர்கள். பெருநாள் வரை காத்திருக்க வேண்டாம். தலாக் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இன்திஸார்


தமன்ஹூர்
மே 5

இன்திஸாருக்கு,

ஒரு வாரமாக எழுதிக் கிழித்துப் போடுகிறேன்.

நீ கீழே போனதும் பெட்டியைத் திறந்தேன். தெர்மாமீட்டரை எனக்குப் படிக்க வராது. எங்கள் தொழிலில் முட்டையை எடுத்துக் கண் இமையில் ஒற்றித்தான் சூடு பார்ப்போம், உனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்து இமையில் வைத்தேன். எவ்வளவு மெத்தென்று இருந்தது! திரும்ப வைக்கும்போது என் கை தானாகவே புரட்டி வைத்திருக்கிறது. சத்தியமாக எனக்கு அது தெரியவே இல்லை. தெரியாமல் செய்தேன் என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது. வேறு எதையெல்லாம் இப்படிச் செய்தேனோ?

நிஸ்ரீனிடம் போனில் புலம்பினேன். உன் மகள் சொல்கிறாள்: "பாபா, அம்மா எழுதினத ஒரு தடவையாச்சும் காதுல வாங்குங்க." எல்லாக் கடிதங்களையும் மறுபடி வாசித்தேன். உப்பு டப்பா வரியைத் தாண்ட முடியவில்லை.

தலாக் எழுதமாட்டேன். திரும்பி வா என்றும் சொல்லமாட்டேன். உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கிறதோ அங்கே இரு. பெருநாளுக்கு நான் அங்கே வரலாமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

ஷஹாத்தா


அலெக்சாந்திரியா
மே 12

அபூ நிஸ்ரீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் என்னிடம் "வரலாமா" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ரம்ஸியை நிற்கவைத்துவிட்டு, அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். பாவம், மனுஷன் வண்டி நிறைய ஆளோடு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

நேற்று இன்னொருத்தி முட்டை இட்டாள், இரண்டு. சூட்டைக் கூட்டலாமா, இப்படியே விடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் யோசனையையும் சொல்லுங்கள். முடிவு நான்தான் எடுப்பேன்.

பெருநாளுக்கு வாருங்கள். கறியும் ஒரு மூட்டைத் தவிடும் கொண்டுவாருங்கள். தங்குவதானாலும் தங்குங்கள். முட்டைப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிவிட்டேன். சாவி என் கழுத்தில் கிடக்கிறது. எவ்வளவு கொஞ்சினாலும் தரமாட்டேன்.

இன்திஸார்