உனக்கு நான் மொழிபெயர்க்காத வசனம்

போன திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் உன் முகத்தைக் கண்டேன். கோடை விழாவுக்கான சுவரொட்டி. முழங்கால்களுக்கு நடுவில் பெரிய மேளத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாய். கீழே வண்ண எழுத்தில், 'எங்கள் அன்புக்குரிய ஆசிரியையின் நினைவாக' என்று அச்சடித்திருக்கிறார்கள். பசை இன்னும் காயவில்லை. அதன் மணம் மூக்கில் ஏறியது. அன்புக்குரியவளாம்! உன்னை வெளியே அனுப்பிய அதே கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஜேர்மனியில் நாம் இருவரும் பேசியது ஜேர்மன். ஹெயிட்டியிலிருந்து வந்த உனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வருகிறது. உன் பேச்சும் என் நினைவில் எப்போதோ தமிழாகிவிட்டது.

பாடம் முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதன்கிழமைகளில் நீ மேளங்களை இழுவண்டியில் கட்டிக்கொண்டு பேருந்தில் வருவாய். நான் நிறுத்தத்துக்கு வந்து இறக்க உதவுவேன். "பெரியதைக் கவனமாப் பிடி, அதுக்குப் பேர் அம்மா" என்பாய். பிள்ளைகளை உடனே அடிக்க விடமாட்டாய். முதலில் முழங்காலை மடக்கி, முதுகைத் தண்ணீர்போல அசைத்து ஆட வேண்டும். பிறகு பாட்டு. ஜேர்மன் பாடத்தில் பத்து நிமிடம் இருக்க முடியாத பிள்ளைகள் உன் கிரெயோல் மொழிப் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். கடைசியில் கதை. அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் மேளச் சத்தத்தில் ஒன்றுகூடி, எசமான்களைத் துரத்தி, தங்களுக்கென்று ஒரு நாடு அமைத்த கதை. உன் நாடு.

பெரிய மேளத்தை நன்றாக அடித்தவள் எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, பத்து வயது. அவளுடைய தகப்பன் ஒருநாள் நடுக்கூடத்தில் என்னை மறித்தார். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

"தங்கச்சி, செத்த வீட்டுக்குப் பறையடிக்கிற சாதியோ நாங்கள்? என்ர பிள்ளையை விடச்சொல்லி அந்தக் கறுப்பியிட்டச் சொல்லும்."

உன் பெயர் அதில் இல்லை என்றாலும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று உனக்கு விளங்கிவிட்டது. "என்னவாம்?" என்று கேட்டாய். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "மகளுக்குக் கணக்குக் கஷ்டமாம். வீட்டில படிக்கோணுமாம்."

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. உன்னைக் காப்பாற்றவா பொய் சொன்னேன்? இல்லை. எங்கள் ஆட்களின் அழுக்கை உனக்குக் காட்ட வெட்கப்பட்டுச் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் அழுதுகொண்டு, அப்பா ஏன் தடுத்தார் என்ற உண்மையைச் சொல்லிவிட்டாள். நீ அவளைக் கட்டிப்பிடித்து ஆற்றிவிட்டு, வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாய்.

"உப்பிடிப் பேச்சு எனக்குப் பழகிப்போச்சு. நீ எனக்குப் பொய் சொல்றதுதான் பழகேல்லை."

அதே கிழமை ஒரு ஜேர்மன் தாய், பிள்ளைகளுக்குப் பேயை அழைக்கும் பாட்டு சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்று கடிதம் எழுதினாள். பள்ளி அதிபர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "மேளம் இருக்கட்டும். பாட்டும் கதையும் வேண்டாம். நடனம் விழாவுக்கு மட்டும் போதும், நல்ல வண்ண உடுப்போடு" என்றார்.

"அப்ப நான் படிப்பிக்கிறது என்ன? சத்தமோ?" என்று கேட்டாய்.

அதிபர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

என் வேலை ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட இருந்தது. "கொஞ்ச நாளைக்கு அப்பிடிச் செய்து பாப்பம்" என்றேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. எழும்பிப் போய் மேளங்களை இழுவண்டியில் கட்டினாய். அன்று நான் நிறுத்தம் வரை வரவில்லை. நீயும் அதன்பிறகு பள்ளிக்கு வரவில்லை.

நீ நோயாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வர இரண்டு முறை பஸ் ஏறினேன். இரண்டு முறையும் பாதியில் இறங்கிவிட்டேன். மாரிக் குளிரில் உன் தங்கை, நீ போய்விட்டாய் என்று தொலைபேசியில் அழுதாள். என் மன்னிப்பை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று.

அதனால்தான் சுவரொட்டியைக் கண்ட அன்றே, ஆசிரியர் கூட்டத்தில் எழும்பினேன். தகப்பன் சொன்ன வசனத்தை ஒரு சொல்லும் விடாமல் ஜேர்மனில் சொன்னேன். அந்தத் தாய் எழுதியதைச் சொன்னேன். அதிபர் சொன்னதைச் சொன்னேன். கடைசியாக, நான் சொன்னதையும் சொன்னேன். "இதையும் அந்தச் சுவரொட்டியில் போடுங்கள்" என்றேன்.

"இறந்தவரை நினைவுகூரும் நேரத்தில் இது பொருத்தமில்லை" என்றார் அதிபர். ஒருத்தி கோப்பித்தண்ணி ஊற்றப் போனாள்.

செவ்வாய் காலை சுவரொட்டியைக் கிழித்துவிட்டிருந்தார்கள். மாலைக்குள் புதிது வந்தது, பலூன் படத்தோடு. இப்போது உன் படமும் இல்லை, பெயரும் இல்லை. நான் கேட்டது அதுவா? உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் உன்னையே அழித்துவிட்டார்கள். என் உடம்பு இன்னும் கொதிக்கிறது. தகப்பனையும் கோயிலில் கண்டு பேசினேன். "பழசைக் கிளறாதையும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு மேளம் அடிக்கத் தெரியாது. உன் முதுகு போல என் முதுகும் அசையாது. என்னிடம் மிஞ்சியது அந்தக் கதை மட்டும்தான். நேற்றுப் புதன்கிழமை, ஒருவரிடமும் அனுமதி கேட்காமல், பிள்ளைகளைச் சுற்றி இருத்தி அதைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். நீ விடும் இடங்களில் மூச்சு விட்டேன்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அவங்களுக்குப் பயமா இருக்கேல்லையா?"

"இருந்தது" என்றேன். "பயந்து பயந்துதான் எழும்பினவை."

கதவு திறந்தே இருந்தது. அதிபர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் குரலைக் குறைக்கவில்லை.