கப்பலின் பெயர்

ஹாம்பர்க்
நவம்பர் 1948

கனம் பொருந்திய அப்பாவுக்கு, மகன் தேவசித்தம் பணிவுடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? தூத்துக்குடித் துறைமுகத்துக் காற்றில் போய் நிற்காதீர்கள்.

யுத்தப் பகையைத் தீர்க்கப் பாடுபடும் இவ்வூர்த் திருச்சபையாரிடம் கற்றுக்கொள்ள வந்த எங்களை ஆளுக்கொரு வீட்டில் தங்கவைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஹெர்மனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். மிகவும் நல்லவர். நேற்றுச் சாப்பிடும்போது, யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்ததாகவும் நம் சமுத்திரம்வரை வந்ததாகவும் சொன்னார். என் தம்பியும் கப்பலோடு அங்கேதான் மூழ்கினான் என்றேன். கப்பலின் பெயரைக் கேட்டார். சொன்னால், அதை மூழ்கடித்தது நாங்கள்தான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

காலையில், என்னோடு வந்திருக்கும் சாயர்புரம் போதகர் ஜெபமணி ஐயரிடம் சொன்னேன். "ஏலே, இப்படி நடுங்குதியே! பேசாமப் போய்ப் பேரைச் சொல்லிரு. எத்தன நாளு பயந்துக்கிட்டே கெடப்ப?" என்றார்.

போய்ச் சொன்னேன். ஹெர்மனின் முகம் வெளுத்துவிட்டது. "தெரியவில்லை. நாங்கள் கப்பல்களின் பெயரைப் பார்த்ததே இல்லை," என்றார். பிறகு தம்பியின் பெயரைக் கேட்டார். ஞானமுத்து என்றேன். அவர் வாயில் நுழையவில்லை. சரியாக வரும்வரை சொல்லிக்கொடுத்தேன். தம்பியின் கப்பலை மூழ்கடித்தது அவர்தானோ என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை அப்பா. மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை.

இதை அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம். கொஞ்சம் சுக்கும் கருப்பட்டியும் அனுப்புங்கள். தபாலுக்கு நேரமாகிறது. ஆராதனையில் ஞானமுத்துவின் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாமா என்று ஹெர்மன் கேட்கிறார். அதை அப்பாவிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். என்ன சொல்லட்டும்?

தங்கள் கீழ்ப்படிந்த மகன்,
தேவசித்தம்