ஒரு தங்கக் காசுக்கு அப்பாவை விற்ற தம்பிக்கு

என் செல்லமே, என் வயிற்றெரிச்சலே, தம்பி லூர்து,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்று நம் கோயிலில் உனக்காகப் பூசை வைத்தோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாய உலகம் படைத்தவர் என்று சாமியார் பிரசங்கத்தில் உன்னைப் புகழ்ந்தார். நான் முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்லறைக்கு வந்து சண்டை போடலாம் என்றால் உன்னைச் சென்னையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நம் கோயில் பத்திரிகை பங்கு மலரில் போடச் சொல்லப்போகிறேன், ஊரே படிக்கட்டும்.

முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதை எழுதியவன்தான் என் தம்பி. கும்பகோணத்து அச்சகத்தில் பிழை திருத்தப் போன இடத்தில், மிஞ்சிய சாணித்தாளில் நீயே அடித்த புத்தகம் அது. ஏழு மதகு நாடு என்று ஒரு நாடு. தலைமதகைச் சுற்றிப் படுத்துக்கொண்டு தண்ணீர் விட மறுக்கிற ஒரு ராட்சசப் பாம்பு. படிக்கிறவர்தான் கதாநாயகன், அதுவும் நாற்றுக்கட்டு சுமக்கிற ஆள். பாம்போடு சண்டை போட வேண்டுமானால் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்ட வேண்டும், ஓட வேண்டுமானால் வேறு பக்கத்தை. தாயம்போல உருட்டி அதிர்ஷ்டம் பார்க்க, ஒரு பக்கம் வெள்ளையாக உரசிய புளியங்கொட்டைகள். நாகூர் கந்தூரியில் துணி விரித்து நீ விற்றபோது, "என்னா தம்பி, பக்கமெல்லாம் முன்னும் பின்னுமா இருக்கு, பைண்டிங் தப்பா?" என்று ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

நம் தெருவுக்கு அதை வாசித்துக் காட்டியது நான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள்தான் அதிகம் வந்தார்கள். எல்லாரும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் கை தூக்கிப் பழகியவர்கள். பாம்பு வந்ததும், சண்டையா ஓட்டமா, கை தூக்குங்கள் என்றேன். ஒரு கைகூட எழவில்லை.

"அடிக்கிறது இல்லன்னா ஓடுறது, அவ்வளவுதானா?" என்றார் சந்தனசாமி மாமா. "ஊரோட போயி நின்னா அந்தப் பாம்பு எத்தினி பேரத்தான் முழுங்கும்? அத ஏன் எழுதல ஒன் தம்பி?"

"புத்தகத்துல அப்படி ஒரு வழி இல்லியே மாமா."

"இல்லன்னா எழுதச் சொல்லு."

நீ எழுதினாய். அடுத்த புத்தகத்திலிருந்து ஒவ்வொரு ஆபத்திலும் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது: ஆட்களைக் கூட்டு. அந்த வழிக்காகவே பிள்ளைகள் உன்னைத் தேடித் தேடிப் படித்தார்கள். வாரப் பத்திரிகை தொடராகப் போட்டது. சென்னைக்குப் போனாய். புத்தகம் அட்டைப்பெட்டி விளையாட்டானது, அது கம்ப்யூட்டருக்குள் போனது, பிறகு உன் பெயரில் ஒரு கம்பெனியே வந்தது. நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டவர்களுக்கு, பாம்புக் கதை எழுதுகிறான் என்று சொல்லிவிட்டு சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அந்த மூன்றாவது வழி நம் வீட்டில் என்ன விலைக்கு வந்தது என்று உனக்குத் தெரியாதா? நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் மிராசுதார் தன் நிலத்தை ஆள் ஆளுக்குப் பெயர் மாற்றி எழுதிவைத்தார். நம் அப்பா பெயரிலும் கொஞ்சம் இருந்தது. காகிதத்தில் நிலக்காரர், வரப்பில் கூலியாள். அந்த அப்பாதான் அரை மரக்கால் நெல் கூடக் கொடுங்கள் என்று சம்பா அறுப்பை நிறுத்தி ஆட்களைக் கூட்டினார். மிராசுதார் அறுக்கவும் அடிக்கவும் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். தோளில் சிவப்புத் துண்டோடு வரப்பை மறித்து நின்ற அப்பாவின் இடது காலை உடைத்துப் போட்டார்கள். நம் ஆட்சி என்று நாம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சியின் போலீஸ், அப்பா பெயரிலேயே வழக்கும் போட்டது. பழைய கூலிக்கே அறுப்பு முடிந்தது. கோணலாகக் கூடிய அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்துதான் அவர் உன்னைப் படிக்க வைத்தார்.

அப்புறம் அந்தக் கிறிஸ்துமஸ். காரில் வந்து இறங்கி, புதுப் போனை என் கையில் திணித்து, "பாருக்கா, கோடிப் பேரு ஆடுறாங்க" என்றாய். பார்த்தேன். அதே ஏழு மதகு நாடுதான். ஆனால் ஆடுகிறவர் இப்போது பண்ணைக்குச் சொந்தக்காரர். காசு கொடுத்து நிலம் வாங்கலாம், மந்திர மாடு வாங்கலாம். கூலியாளையும் வாங்கலாம், ஒரு தங்கக் காசுக்கு. விரலால் தொட்டால் குனிந்து நடுகிறான். களைத்தால் இழுத்து வெளியே போட்டுவிட்டு வேறு ஆள் வாங்கிக்கொள்ளலாம்.

"மூணாவது வழி எங்கடா?"

"பணம் போடுறவங்க வேணாங்குறாங்கக்கா. ஆடுறவன் ராஜா மாதிரி இருக்கணுமாம்."

அப்போதுதான் கவனித்தேன். கூலியாட்களில் ஒருவன் இடது காலை இழுத்து நடந்தான். தோளில் துண்டு. அதன் நிறத்தை மட்டும் பச்சையாக்கியிருந்தாய்.

"அப்பாவுக்கும் ஒரு எடம் குடுத்துருக்கேன்க்கா" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் வந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இடமா அது? உயிரோடு இருந்தபோது அவரை யாராலும் விலைக்கு வாங்க முடியவில்லை. செத்த பிறகு பெற்ற பிள்ளையே விலை போட்டு வைத்துவிட்டாய். உனக்கென்று அவித்து வைத்திருந்த வட்டலப்பத்தைத் தூக்கிக் கொல்லையில் கொட்டினேன். "அவர அதுலேர்ந்து எடுத்துடுடா" என்று அழுதேன். அடுத்த அப்டேட்டில் எடுத்துவிடுவதாகச் சொன்னாய். பொங்கல் போனது, ஈஸ்டர் போனது. கேட்கும்போதெல்லாம் அடுத்த அப்டேட். கடைசியில் நெஞ்சுவலி என்று போன் வந்தது. அப்படி என்னடா அவசரம் உனக்கு?

நேற்று பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. உன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், நல்ல பெண். உன் பெயரில் நம் ஊருக்கு நூலகம் கட்டித் தருகிறார்களாம். நான் எழுந்து, நூலகம் இருக்கட்டும், முதலில் எங்கள் அப்பாவை விளையாட்டிலிருந்து எடுங்கள் என்றேன்.

"அம்மா, எல்லாருக்கும் ரொம்பப் புடிச்ச கேரக்டரே அவருதாம்மா. அவர எடுத்தா கேமே நிக்காது" என்றாள் அவள். பொய் சொல்கிற முகம் இல்லை.

நான் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினேன். "எங்கப்பா விக்கிறதுக்கா இருந்தாரு? கூடாதுங்கறவங்க கை தூக்குங்க" என்றேன். எல்லாரும் நம் தெருக்காரர்கள்தான், சந்தனசாமி மாமாவின் பிள்ளைகள் உட்பட. கையைத் தூக்காமல் தரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "புள்ளைங்களுக்கு லைப்ரரி வருதுல்லக்கா, விடுங்க" என்றார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை அந்த விளையாட்டை நானே என் போனில் இறக்கிக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு தங்கக் காசு இனாமாம். அதைக் கொடுத்து அப்பாவை வாங்கினேன். அடுப்பில் பால் பொங்க, போனை அலமாரியில் வைத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தால் அப்பா வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு இடது காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே, எலும்பு கோணலாகக் கூடிய அதே இடத்தைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். மற்ற ஆட்கள் தொடாவிட்டால் சும்மா நின்று தலையாட்டுகிறார்கள். அவர் மட்டும்தான் உட்காருகிறார். அந்த இடம் அம்மாவையும் நம்மையும் தவிர வேறு யாருக்கடா தெரியும்? நீதான் வைத்தாயா? வைத்தவன் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

இதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. விற்றவன் விற்றவன்தான்.

உங்கள் பயிர் காய்கிறது, வேலையாளைத் தொடுங்கள் என்று போன் கத்திக்கொண்டே இருக்கிறது. காயட்டும். சார்ஜரில் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவர் தோற்றுப்போன அந்த வேலைநிறுத்தம் இப்போது என் அலமாரியில் நடக்கிறது. நான் இருக்கிற வரை ஒரு விரல் அவர்மேல் படாது, அந்த வயலில் ஒரு கதிர் அறுபடாது. அப்பா உட்கார்ந்திருக்கட்டும்.

கோபம் தீராத உன் அக்கா,
புஷ்பம்