நிழல் விழுந்த பக்கம்

786
மல்லசமுத்திரம்
6.3.1983

அன்பு மச்சானுக்கு மைமூன் ஸலாம் சொல்லி எழுதுவது.

மாமியும் நானும் அல்லாஹ் காவலில் நலம். உங்கள் நலத்துக்கு உங்கள் கடிதம்தான் சாட்சி. அதுவும் இப்போதெல்லாம் ஆடிக்கொன்று அமாவாசைக்கொன்று என்றாகிவிட்டது.

வீட்டு வேலை நடுவில் நிற்கிறது. கொத்தனார் மாதையன் ஒரு கேள்வி கேட்டு நிறுத்திவிட்டார். "ஏனுங்கம்மா, கக்கூசுல நீங்க தொழுகற பக்கம் பாத்து உக்காரக் கூடாதாமா. அந்த எடம் நேர் மேக்கதான் இருக்குதுங்களா, இல்ல கொஞ்சம் அப்பிடி இப்பிடிங்களா? சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன சொவுரு வெச்சுப்போடறனுங்க" என்றார். மேற்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள், மேற்கே தொழுதோம். அளந்து பார்த்தவர் யார்?

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் வந்துபோய் மூன்று வருஷம். முசல்லாவை விரித்து நிற்கும்போது கஅபாவைப் பார்த்து நிற்கிறேன், அங்கே இருக்கிற உங்களையும் பார்த்து நிற்கிறேன் என்று நினைத்துத்தான் நாளை ஓட்டுகிறேன். அந்தப் பக்கமே தப்பாக இருந்தால்?

அடுத்த வீட்டு ராமாயி அக்கா மகனுக்கு லாரியில் அடிபட்டுக் கால் போகும் நிலை. "உங்க ஊட்டுக்காரரு அந்த எடத்துலயே இருக்காரு. எம் பையனுக்கு ஒரு வார்த்த கேக்கச் சொல்லு சாமி" என்று அழுதார். கஅபா இருக்கும் ஹரமில் நின்று அவனுக்காக துஆ கேளுங்கள்.

உங்கள்
மைமூன்


786
மக்கா
30.3.1983

அன்பு மைமூனுக்கு தாவூத் ஸலாம்.

கடிதம் கண்டேன். கக்கூசில் ஆரம்பித்துக் கஅபாவுக்கு வந்த பெண் நீ ஒருத்திதான். பள்ளிவாசல் பார்த்து நிற்கும் பக்கத்தை விட்டு வேறு பக்கமாக வைத்துவிட்டுப் போகச் சொல். மனசு ஆறாவிட்டால், போர்க் குழாய் போடும் ரிக் வண்டிக்கார வேலுமணி அண்ணனிடம் கேள். அவர் மகன் என்.சி.சி.யில் இருக்கிறான், திசைகாட்டி வைத்திருப்பான்.

ராமாயி அக்கா மகனுக்கு துஆ கேட்டேன். வேலை வழக்கம்போல. தண்ணீர் லாரி ஓட்டுகிறேன், ஹரமில் தொழுகிறேன், தூங்குகிறேன். லீவு நோன்புக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறார் முதலாளி. அம்மாவிடம் வரும் வருஷம் கட்டாயம் என்று சொல்.

இப்படிக்கு
ஷே. தாவூத்


786
மல்லசமுத்திரம்
24.4.1983

அன்பு மச்சானுக்கு மைமூன் எழுதுவது.

"வரும் வருஷம் கட்டாயம்" என்பதை மாமியிடம் சொன்னேன். போன வருஷக் கடிதத்திலும் அதுதான் இருந்தது என்றார்கள்.

திசைகாட்டி கதையைக் கேளுங்கள். வேலுமணி அண்ணன் தாமே கொண்டுவந்தார். நடு வீட்டில் வைத்தோம். முள் ஒரு பக்கம் காட்டியது. நாலு எட்டுத் தள்ளி வைத்தோம், வேறு பக்கம் காட்டியது. அண்ணன் அதைத் தட்டினார், ஆட்டினார், மகனைத் திட்டினார். மாதையன்தான் பார்த்தார்: கூரைக்கு வாங்கிய கம்பிக் கட்டு பக்கத்திலேயே கிடந்தது. "இதுக்கு நம்ம கம்பி மேலதானுங்க பக்தி" என்றாரே, அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்புறம் வெளிக்காட்டில் வைத்துப் பார்த்து வடக்கு இன்னது என்று கண்டோம். வடக்கு தெரிந்து என்ன செய்ய? மக்கா மேற்கிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அந்த முள்ளுக்குத் தெரியாதே.

பள்ளிக்கூடத்து ஜானகியம்மாளிடம் போனேன். பூகோளம் எடுப்பவர். உலக உருண்டையில் நூல் பிடித்துக் காட்டினார். நேர் மேற்கு இல்லையாம், கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் போகிறதாம். எவ்வளவு என்று சரியாகத் தெரிய ஒரு வழி சொன்னார். மே 28, நம் கடிகாரத்தில் பிற்பகல் இரண்டு நாற்பத்தெட்டு. அன்று அந்த நேரத்தில் இங்கே கம்பு நட்டு நிழல் பார்க்கப்போகிறேன்.

உங்களுக்கு அப்போது பன்னிரண்டு மணி பதினெட்டு நிமிஷம். நீங்களும் வெயிலில் நின்று உங்கள் நிழல் எப்படி விழுகிறது என்று பார்த்து எழுதுங்கள். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் சுவாரஸ்யம் போய்விடும். எனக்காக இந்த ஒன்றைச் செய்யுங்கள்.

உங்கள்
மைமூன்


786
மக்கா
5.6.1983

அன்பு மைமூனுக்கு தாவூத் ஸலாம்.

உன் உத்தரவை நிறைவேற்றினேன். கடிகாரத்தை ரேடியோவுக்குச் சரியாக வைத்துக்கொண்டு, பதினொன்றரைக்கே வண்டியை விட்டு இறங்கி வெயிலில் நின்றேன். கூட இருந்தவர்கள் மண்டை காய்ந்துவிட்டது என்று சிரித்தார்கள். எவ்வளவு குறுகினாலும் நிழல் ஒரேயடியாக மறையவில்லை. நீ சொன்ன நேரத்துக்கு, காலையில் சூரியன் முளைத்த பக்கமாக ஒரு சாண் நீளம் விழுந்தது. கையை வைத்தே அளந்தேன், மணல் சுட்டுவிட்டது.

இப்போதாவது ஏன் என்று சொல்வாயா? லீவு இன்னும் முடிவாகவில்லை.

இப்படிக்கு
ஷே. தாவூத்


786
மல்லசமுத்திரம்
17.7.1983

அன்பு மச்சானுக்கு மைமூன் எழுதுவது.

பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

மே 28 அன்று கம்பு நட்டோம். மாதையன் நிழல் மேல் சுண்ணாம்புக் கோடு இழுத்தார். கஅபா மேற்கிலிருந்து நன்றாகவே வடக்கே தள்ளி இருக்கிறது. நேற்றும் அதே மாதிரி ஒரு நாள் என்று ஜானகியம்மாள் சொன்னார், மறுபடி கம்பு நட்டுப் பார்த்தேன். கோடு மாறவில்லை. பள்ளிவாசல் அஜரத்திடம் கேட்டுவிட்டேன். தெரியாமல் தொழுததில் குறையில்லை, தெரிந்த பிறகு தெரிந்தபடி தொழு என்றார். முசல்லாவைச் சாய்த்துப் போட்டிருக்கிறேன். கக்கூசையும் கட்டி முடித்துவிட்டார்கள்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். அந்த நிமிஷத்தில் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். உலகத்தில் வெயில் இருக்கும் இடத்திலெல்லாம் நிழல் மக்காவுக்கு எதிர்ப்பக்கம் விழும். மக்காவில் மட்டும் யாருக்கும் நிழல் இருக்காது. "என் நிழலைக் காணோம் மைமூன்" என்று பதறி எழுதுவீர்கள், நான் விளக்கம் சொல்லிப் பீற்றிக்கொள்ளலாம் என்றுதான் மறைத்துவைத்தேன். உங்களைச் சோதிக்க இல்லை. அல்லாஹ் அறிவான்.

கடிகாரம் பிசகியிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஆனால் பதினொன்றரையிலிருந்து நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். மக்காவில் நின்றிருந்தால் ஏதாவது ஒரு நேரத்தில் நிழல் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. நீங்கள் மக்காவுக்குக் கிழக்கே எங்கேயோ தொலைவில் இருக்கிறீர்கள். ஒரு சாண் நிழலுக்கு எண்ணூறு கிலோமீட்டர் போல வரும் என்றார் ஜானகியம்மாள். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

எவ்வளவு நாளாக மச்சான்? மக்கா தபால் முத்திரை யார் தயவு? வேலை போய்விட்டதா? வேறு எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டார்களா? ஆடு மேய்த்தாலும் நீங்கள் எனக்குக் குறைந்தவரா? ஊரே மக்காக்காரர் வீடு என்று சொல்கிறதே, அதற்காகவா இத்தனையும்? எனக்குக் கோபம் வந்தது. மாமிக்குத் தெரியாமல் அழுதேன். இன்னும் கோபம் போகவில்லை.

ராமாயி அக்கா மகன் கோலூன்றி நடக்கிறான். "உங்க ஊட்டுக்காரரு கேட்டதுதான் சாமி" என்று எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவனுக்காக இனி நானே கேட்கிறேன், என் முசல்லாவில் இருந்தே.

இத்தனை பொய் எழுதிய கைதான் நிழலை உள்ளபடி எழுதியிருக்கிறது. ஏதோ ஒரு பக்கம் விழுந்தது என்று அறைக்குள் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம். நான் கேட்டேன் என்பதற்காக உச்சி வெயிலில் நின்று, சுடுமணலில் கை வைத்து அளந்திருக்கிறீர்கள். அதை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

கஅபா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஊர்ப் பெயரை எழுதுங்கள் மச்சான். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

உங்கள்
மைமூன்