மெஷின் ரிப்பேர்

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதே. வலது கை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை என் போனிலிருந்து அழைப்பு வந்ததும், "சாப்பிட்டியாடி தங்கம்?" என்று கேட்டாயே, அது விழுந்தது என் காதில் இல்லை, அவர் காதில். உன்னோடு பேசக்கூடாது என்று அவர் சொன்ன நாளிலிருந்து உன் எண்ணை 'மெஷின் ரிப்பேர்' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். அவர் அதை அழுத்திப் பார்த்துவிட்டார். "மெஷின் ரிப்பேர் பாக்கறவங்க உன்னை தங்கம்னா கூப்பிடுவாங்க?" என்றார்.

உன்மேல் தப்பே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

போன் இப்போது அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. தையல் கம்பெனியில் என் பக்கத்து மெஷின்காரி, "என் போன்ல பேசிக்கோ" என்று தன்னுடையதை நீட்டினாள். வாங்கி எண்ணை அழுத்தப் போனேன். உன் எண்ணில் ஒரு இலக்கம்கூட ஞாபகம் வரவில்லை. நாம் பிறந்த வீட்டு முகவரி மட்டும் மறக்கவில்லை, நல்லவேளை நீ அங்கேயே இருக்கிறாய்.

உன் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பு. வீட்டுக்கு அனுப்பிவிடாதே. சீக்கிரம் அக்கா. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான். அது அவருடையது.

உன் தங்கச்சி