கொட்டகைத் தூணில் கட்டிய பெட்டி

பல்லடம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஆரோன்,

ஜெர்மனிக் குளிரில் ஆண்டவர் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். நான் சுகம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். தங்கச்சி ஜோவிதாவுக்குத் திருப்பூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நம் கோழிக் கொட்டகைத் தூணில் ஒரு பெட்டியும், பள்ளிக்கூடம், ஓடைக்கரை என்று ஆறு இடங்களில் ஆறு பெட்டிகளும் கட்டினாய். கம்பியே இல்லாமல் ஒன்று அடுத்ததற்குச் சொல்லும், நம் பெட்டி எல்லாவற்றையும் வாங்கி உனக்கு அனுப்பும் என்றாய். எதற்கு என்று கேட்டதற்கு, "காத்தும் வெயிலும் அளக்கத்தானுங்கம்மா" என்றாய். நம்பினேன். அதன் சோலார் தகட்டில் படியும் தூசியைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு நாள் விட்டதில்லை. அப்பா தீவன லாரிக்காரரை நிறுத்தி, "நம்ம பையன் அங்க உக்காந்துட்டே நம்மூட்டுக் காத்தப் பாக்கறானுங்க" என்பார். "அப்ப நான் பீடி குடிச்சாத் தெரிஞ்சுபோடுங்களா" என்று அவர் சிரிப்பார்.

செவ்வாய்க்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கூடவே நம் மேல் வந்த புகாரின் நகல், பன்னிரண்டு பக்கம். நம் கொட்டகையிலிருந்து கிளம்பும் அமோனியா, நாள்வாரியாக. கடைசியில் உன் கையெழுத்து. அப்பா கண்ணாடியைத் தேடிவிட்டு, "நீயே படிச்சுச் சொல்லு" என்றார். படித்தேன். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். "எவன் இத்தனை நாளா ஒளிஞ்சிருந்து அளந்தான்னு தெரியலையே" என்றார். தூணில் இருக்கும் பெட்டி அவர் நினைப்பிலேயே இல்லை.

புகார் பொய் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது என்று நஞ்சம்மாள் டீச்சர் என்னிடமே சொன்னார். குஞ்சு கொடுக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் தீபக் வந்து, "பெட்டி ரிப்பேருன்னு ஒரு கடுதாசி குடுத்துருங்கம்மா" என்றான். மாட்டேன் என்றேன். அது நன்றாகத்தான் வேலை செய்தது. துடைத்தவள் நான்.

என் வருத்தம் வேறு. மார்ச்சிலிருந்து எண்கள் அளவு மீறிச் சிவப்பில் இருக்கின்றன. புதுக் குஞ்சு வந்து இறங்கும் வாரங்களில் அப்பா கட்டிலை உள்ளே போட்டுக் கொட்டகையிலேயே படுத்திருந்தார். அப்போதுதான் இருமல் தொடங்கியது. ஞாயிறுதோறும் போனில் கேட்பாய். தூசிதான் என்பேன். "கசாயம் வெச்சுக் குடுங்கம்மா" என்பாய். அந்த எண்களை முன்னால் வைத்துக்கொண்டு. அதிகாரிக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினாய். எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். "அப்பாவை வெளியே படுக்கச் சொல்லுங்கம்மா." அவ்வளவு போதும்.

சூலூர் டாக்டர் இனி கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்கிறார். நுரையீரலில் பாதிதான் வேலை செய்கிறதாம். படியேறினால் நடுவில் உட்கார்ந்துவிடுகிறார். இந்தத் தடவைக் கோழி போனதும் கொட்டகையை மூடுகிறேன். நோட்டீசுக்காக அல்ல.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. உனக்காக ஜெபிக்கிறேன். கோபத்தோடும் ஜெபிக்க முடிகிறது. மாதா உன்னோடு இருக்கட்டும்.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி விசாரணை. உன் பெயரை அங்கே சத்தமாகப் படிப்பார்கள். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அதற்கு முன் நீயே சொல்லிவிடு. என் போனில் வேண்டாம், அவர் போனில் கூப்பிடு. நடுவில் அவருக்கு இருமல் வந்தால் வைத்துவிடாதே. முடியும்வரை கேட்டுக்கொண்டிரு. அப்புறம் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
விமலாராணி